வெறிநாய்க்கடி: வகுப்பறையில் கண்டுகொள்ள வேண்டியவை

(வட்டார வள மையத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் நான் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)



என்னை அழைத்தவர்கள் கொடுத்த தலைப்பு, 'மனிதர்களுக்கு வரும் ரேபிஸ் நோயின் அறிகுறிகள்'. 31 ஆண்டுகள் அரசு மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கழிந்தது. இந்தத் தலைப்பில் பேச எனக்கு ஒரு தயக்கம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெங்கு, காசநோய், மஞ்சள் காமாலை என்று எந்த நோயின் அறிகுறியைப் பற்றிப் பேசினாலும், "சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றிவிடலாம்" என்று முடிப்போம். ரேபிஸில் அப்படி முடிக்க முடியாது. அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக மரணம்தான். உலகம் முழுவதிலும் மிக மிகச் சிலரே பிழைத்திருக்கிறார்கள். அவர்களிலும் பலர் உடல் பாதிப்புகளோடுதான் வாழ்கிறார்கள்.

அப்படியானால் அறிகுறிகளைத் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

முதன்முதலாக இந்த நோயை நான் நேரில் பார்த்தது 1989இல், பயிற்சி மருத்துவராக இருந்தபோது. தொற்றுநோய் வார்டின் கடைசி அறை. விளக்கை அணைத்திருந்தார்கள், ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நாற்பது வயதுள்ள ஒரு விவசாயி. நான் ஏதோ ஒரு பயங்கரத்தை எதிர்பார்த்துப் போனேன். நாய் மாதிரி குரைப்பார், பக்கத்தில் போனால் கடிப்பார் என்றெல்லாம் சின்ன வயதில் கேட்டது மனசில் இருந்தது. புத்தகத்தில் படித்தது அப்போது துணைக்கு வரவில்லை. அவர் என்னைப் பார்த்து, "உக்காரு தாயி" என்றார். வீட்டில் பசு சினையாக இருக்கிறது, மச்சினன் ஒழுங்காகத் தீவனம் வைப்பானோ என்னவோ என்று கவலைப்பட்டார். நம்மைப் போலவே தெளிவாகப் பேசினார்.

அப்புறம், "தொண்டை வறண்டு கெடக்கு, ஒரு வாய்த் தண்ணி குடு" என்றார். டம்ளரில் கொடுத்தேன். அவரே வாங்கி வாயருகே கொண்டு போனார். உதட்டில் படவில்லை. அதற்குள் கழுத்துத் தசைகள் கயிறு மாதிரி விறைத்தன. நெஞ்சு மேலே தூக்கியது, மூச்சு உள்ளுக்குள் விக்கி நின்றது. டம்ளர் தெறித்து விழுந்தது. சில நொடிகள்தான். அது அடங்கியதும், "தண்ணியக் கொட்டிட்டேன், கோவிச்சுக்காத தாயி. இன்னொரு தடவ குடு, குடிச்சுப் பாக்குறேன்" என்றார்.

இரண்டு நாளில் இறந்துபோனார்.

நாம் இதற்குத் 'தண்ணீர் பயம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். புத்தகங்களில் நீர்வெறுப்பு என்று எழுதுகிறார்கள். தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும், இரண்டு பெயருமே எனக்கு உடன்பாடில்லை. அவருக்குத் தண்ணீர் மேல் பயமும் இல்லை, வெறுப்பும் இல்லை. தாகம் இருந்தது. விழுங்க முயன்றவுடன் தொண்டைத் தசைகளும் மூச்சுத் தசைகளும் ஒரேயடியாக இழுத்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று முறை இப்படி நடந்த பிறகு, தண்ணீரைப் பார்த்தாலோ, குழாயில் ஊற்றும் சத்தம் கேட்டாலோ கூட அதே இழுப்பு வந்துவிடுகிறது. எச்சிலைக்கூட விழுங்க முடியாது. உமிழ்நீர் சுரப்பதும் அதிகமாகிவிடும். அதனால்தான் வாயிலிருந்து ஒழுகுகிறது. 'நுரை தள்ளுகிறது' என்று சொல்வது இதைத்தான். காற்றுக்கும் இதேதான். ஃபேன் காற்று முகத்தில் பட்டால் இழுப்பு வரும். தொண்டை இறுகி மூச்சு விடும்போது வரும் கரகரத்த சத்தத்தைத்தான் ஊரில் 'குரைக்கிறான்' என்கிறார்கள். மனிதர் நாயாக மாறுவதில்லை. கடைசி வரை அவர் மனிதர்தான், தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கே பாதி நேரம் தெரியும். இந்த நோயின் கொடுமையே அதுதான்.

இப்போது நோயின் போக்கைச் சொல்கிறேன். கடித்த விலங்கின் எச்சிலில் இருக்கும் வைரஸ், காயத்தின் வழியே உள்ளே போய், அங்குள்ள நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறுகிறது. ரத்தத்தில் பரவும் கிருமி இல்லை இது. இந்த ஏறும் காலத்தில் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. ஓடுவான், ஆடுவான், பரீட்சை எழுதுவான். எந்தப் பரிசோதனை செய்தாலும் அகப்படாது. இந்தக் காலம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம். ஒரு வாரமாகச் சுருங்கியதும் உண்டு, ஓர் ஆண்டு வரை நீண்டதும் உண்டு. முகம், தலை, கழுத்து என்று மூளைக்கு அருகில் கடித்தால் விரைவாக வந்துவிடும். குழந்தைகள் குள்ளமானவர்கள், நாயின் வாய் எட்டுகிற உயரத்தில் அவர்கள் முகம் இருக்கிறது. இதை மறக்காதீர்கள்.

மூளையை நெருங்கும்போது முதல் அறிகுறிகள் வரும். காய்ச்சல், தலைவலி, அசதி, சாப்பாடு வேண்டாம் என்பது. இவை எந்தக் காய்ச்சலிலும் வருபவைதான், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இவற்றோடு சேர்ந்து பலருக்கு ஒன்று வரும். எப்போதோ கடித்து, ஆறித் தழும்பாகிப்போன இடத்தில் அரிப்பு, எரிச்சல், குத்தல், மரத்துப்போன உணர்வு. மேலே சொறி சிரங்கு எதுவும் இருக்காது. "உள்ளே எறும்பு ஊறுற மாதிரி இருக்கு" என்பார்கள். ஆறிய தழும்பு திரும்பவும் பேச ஆரம்பித்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. நான் செய்த ஒரு தவறிலிருந்து சொல்கிறேன்.

1996, ஜூலை மாதம். கரிசல்காட்டுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை, புறநோயாளிகள் கூட்டம் வாசல் வரை நிற்கிறது. நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அப்பத்தா கூட்டி வந்தார். இடது காலில் கெண்டைக்கால் பக்கம் ஓயாமல் சொறிகிறான், ராத்திரி தூங்கவில்லை, லேசாக உடம்பு சுடுகிறது. பார்த்தேன். தோலில் ஒன்றுமில்லை, சின்னதாக ஒரு பழைய தழும்பு. "முள்ளு குத்துச்சாடா?" என்று கேட்டேன். தலையாட்டினான். நான் கேட்ட கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்துவிட்டேன் பாருங்கள்! அரிப்புக்கு மாத்திரையும் பூசுவதற்கு ஒரு மருந்தும் எழுதி அனுப்பினேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

புதன்கிழமை மதியம் அவன் டீச்சர் மொபெட்டில் அவனை முன்னால் உட்காரவைத்து ஓட்டி வந்தார். நடுவயதுப் பெண்மணி. ஊரில் அதற்குள், "பயலுக்குக் காத்துக்கருப்பு அடிச்சிருச்சு" என்று பேச்சு. சாயங்காலம் கோடாங்கியிடம் கூட்டிப்போவதாக இருந்தார்கள். டீச்சர் தடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் என்னிடம் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"டாக்டர், காலையில இருந்து இவன் தண்ணியே குடிக்கல. சத்துணவு வாங்கி ஒரு வாய் வச்சான், முழுங்க முடியாம துப்பிட்டான். பசங்க குழாயடியில தண்ணி பிடிக்கிற சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கிட்டு வகுப்புக்குள்ள ஓடிட்டான். அடம் பிடிக்கிற பையன் இல்ல இவன். மூணு வருஷமா எனக்குத் தெரியும்."

நான் ஒரு அட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஒரே ஒரு முறை விசிறினேன். அந்த ஏழு வருடத்துக்கு முந்தைய விவசாயியின் கழுத்தை அப்படியே இந்தச் சின்னக் கழுத்தில் பார்த்தேன். (இந்தச் சோதனையை நீங்கள் யாரும் பள்ளியில் செய்து பார்க்கக் கூடாது. தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். அது அந்தப் பிள்ளையை வதைப்பது.)

டீச்சர்தான் அவனை மடியில் சாய்த்துக்கொண்டு, மெதுவாக, "நாய் ஏதாவது கடிச்சுதாய்யா? நான் யாரையும் திட்ட மாட்டேன்" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னான். மே மாத லீவில் பள்ளிக்குப் பின்னால் இருந்த இடிந்த சுவருக்கு அடியில் ஒரு நாய்க்குட்டியை ஒளித்து வைத்து வளர்த்திருக்கிறான். வீட்டில் தெரிந்தால் விரட்டிவிடுவார்கள். அது ஒருநாள் காலில் கடித்துவிட்டது. அடுத்த சில நாட்களில் குட்டி செத்துப்போனது. அவனே குழி தோண்டிப் புதைத்திருக்கிறான். "அம்புட்டுப் பேரும் அதத் தூக்கி வச்சு வெளயாண்டோம் டீச்சர்" என்றான்.

திங்கட்கிழமை நான் சரியாகக் கேட்டிருந்தாலும் அந்தப் பையனைக் காப்பாற்றியிருக்க முடியாது. அரிப்பு தொடங்கியபோதே காலம் கடந்துவிட்டது. இது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு நிமிடத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஏனென்றால் 'அம்புட்டுப் பேரும்' என்று அவன் சொன்னவர்களுக்கு, அந்தத் திங்களும் செவ்வாயும் நான் தொலைத்த நாட்கள்.

அன்று மாலையே டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பதினொரு பிள்ளைகள். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டார், கை கால்களைப் பார்த்தார். ஏழு பேருக்குப் பல் பட்டதோ கீறலோ இருந்தது. மறுநாள் ஏழு பேரையும் கூட்டி வந்துவிட்டார். அப்போது நம்மிடம் இருந்தது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசி. வயிற்றில், நாள் தவறாமல், பல நாட்கள் போட வேண்டும். பிள்ளைகள் அலறும். டீச்சர் காலையில் பள்ளிக்குப் போகும் முன்பு ஏழு பேரையும் வரிசையாக அழைத்து வருவார், ஊசி முடிந்ததும் வகுப்புக்கு அழைத்துப் போவார். அந்தத் தடுப்பூசியே அபூர்வமாகச் சிலருக்கு நரம்புப் பாதிப்பைக் கொண்டுவரும் என்பதால் எனக்கு ஒவ்வொரு நாளும் வயிற்றைக் கலக்கும். ஏழு பேரும் நன்றாக இருந்தார்கள். ஒருவன் இப்போது லாரி ஓட்டுகிறான். ஒருத்தி உங்களைப் போலவே ஆசிரியை.

அந்தப் பையனைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் இறந்தான். டீச்சர் இரண்டு ராத்திரி அங்கே இருந்தார். ஃபேனை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, மயக்க மருந்து கொடுத்து அவனை அமைதியாக வைத்திருந்தார்கள். கோடாங்கியிடம் போயிருந்தால் வேப்பிலை அடியும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் நடந்திருக்கும். முகத்தில் தண்ணீர் தெளிப்பது அந்த நிலையில் என்ன செய்யும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அறிகுறி தெரிந்து என்ன பயன் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பிள்ளைக்கு அடியும் வதையும் இல்லாத கடைசி நாட்கள் கிடைக்கும். அதே நாய் கடித்த, கீறிய மற்றவர்களைத் தேடிப் பிடிக்கலாம். அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இன்னொரு வடிவத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் மருத்துவர்களே ஏமாந்துபோகிறோம். ரேபிஸ் வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்தத் தண்ணீர் இழுப்போ, ஆவேசமோ வெளிப்படையாக வராது. கடித்த கையோ காலோ முதலில் பலம் இழக்கும். அங்கிருந்து பலவீனம் மெல்லப் பரவி, மற்றக் கை கால்களும் செயலிழந்து, பின் நினைவு தப்பும். பக்கவாத வகை என்று சொல்கிறோம். 'நல்லா இருந்த பையன், திடீர்னு கால் இழுத்து நடக்கிறான்' என்றால் அதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். அந்த நூறில் ஒன்றாக நாய்க்கடியையும் கேட்டுப்பாருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

ஆவேச வகையில் மற்றொன்று: விட்டுவிட்டு வரும். பத்து நிமிடம் மிரண்டு, கத்தி, எழுந்து ஓடப் பார்ப்பார்கள். பிறகு தெளிந்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். இந்தத் தெளிவைப் பார்த்துத்தான் வீட்டில், "சாமி வந்து எறங்கிருச்சு, இப்ப நல்லா இருக்கான்" என்று நம்பிவிடுகிறார்கள். வாய் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொண்டு, இழுப்புக்கு இடையிலும் உடம்பு விறைப்பாகவே இருந்தால் அது ரணஜன்னியாக இருக்கலாம். ரேபிஸில் தாடை பூட்டுவதில்லை. எதுவாக இருந்தாலும் பள்ளியில் நின்று ஆராய வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

இனி, எனக்கு அதிகம் பேச விருப்பமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றக்கூடிய காலம், கடித்த நிமிடத்துக்கும் முதல் அரிப்புக்கும் இடையில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு மாதங்கள். அந்தக் காலத்தில் கண்டுகொள்ள வேண்டிய அறிகுறி ஒன்றே ஒன்றுதான். குழந்தை எதையோ மறைக்கிறது.

ஏன் மறைக்கிறார்கள்? அடி விழும் என்ற பயம் ஒன்று. நாய்க்குட்டியை விரட்டிவிடுவார்கள், கொன்றுவிடுவார்கள் என்ற பாசம் இன்னொன்று. பெரியவர்கள் இதை நினைத்தே பார்ப்பதில்லை. மூன்றாவது, 'தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி'. அந்தப் பழைய தடுப்பூசியை 2004ஆம் ஆண்டோடு இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்த ஊசியின் கதை மட்டும் இன்னும் நம் திண்ணைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஊசியைப் பார்த்தே இராத பிள்ளைகள் அதற்குப் பயப்படுகிறார்கள்! இந்தக் கதையை முடித்துவைக்க உங்களால்தான் முடியும். இப்போது போடுவது மேல்கையின் தோலில், இரண்டு பக்கமும், சொட்டு அளவு மருந்து. முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு முறை. முதல் நாளை பூஜ்ஜியம் என்று எண்ண வேண்டும். தசையில் போடும் முறை என்றால் ஐந்து முறை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய வேலை இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், 'லீவுக்கு எங்க போன?' என்று கேட்பீர்கள் அல்லவா? அதோடு, "நாய், பூனை, குரங்கு யாரையாவது கடிச்சுதா, பிராண்டுச்சா?" என்று சேர்த்துக் கேளுங்கள். காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்தும் கேளுங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டால் கை தூக்க மாட்டார்கள், "அப்புறமா எங்கிட்ட வந்து சொல்லலாம், யாருக்கும் திட்டு கிடையாது, நாய்க்கும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடுங்கள். ஒருவன் சொன்னால் போதும், அவன் மூலமாக நாலு பேர் வருவார்கள்.

அப்படிக் கேட்கும்போது 'கடி' என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். "கடிக்கல மிஸ், பல்லுதான் பட்டுச்சு" என்பார்கள். "ரத்தம் வரல" என்பார்கள். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி தேவை. நக்கியது நல்ல தோலில் என்றால் கழுவினால் போதும், ஊசி வேண்டாம். ஏற்கெனவே இருந்த புண்ணில் நக்கினாலோ, எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டாலோ, பல் ஆழமாக இறங்கினாலோ, ரத்தம் கசியும் கீறல் என்றாலோ, தடுப்பூசியோடு சேர்த்து இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உருவாக்க ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியைக் காப்பது இந்த மருந்து. இது வலிக்கும், பிள்ளைகளிடம் வலிக்காது என்று பொய் சொல்லாதீர்கள். இதற்காகப் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் அன்றைக்கே போக வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டினால் இதைப் போடுவதில்லை.

பள்ளி வளாகத்திலேயே கடித்துவிட்டால்? முதல் மருந்து சோப்பு. சாதாரணச் சோப்பு, ஓடும் குழாய்த் தண்ணீர், பதினைந்து நிமிடம். உங்கள் பாடவேளையில் மூன்றில் ஒரு பங்கு. கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், நாம் பதினைந்து என்று நினைப்பது பெரும்பாலும் மூன்று நிமிடமாகத்தான் இருக்கும். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். கொரோனா நாட்களில் கை கழுவச் சொன்னதற்குப் பின்னால் இருந்த அதே அறிவியல். உங்கள் பள்ளிக் குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று மட்டும் நாளைக்குப் போனதும் பாருங்கள். கழுவிய பின் கிருமிநாசினி இருந்தால் போடலாம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். கட்டுப் போட வேண்டாம். தையலும் பொதுவாக உடனே போட மாட்டோம், போடச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள்.

28ஆம் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மூன்று ஊசிக்கும் அம்மா வேலையை விட்டுவிட்டு வருவார். அப்புறம் காயம் ஆறிவிடும், நாலாவது மறந்துபோகும். எங்கள் பதிவேட்டில் அந்தக் கடைசிக் கட்டம் காலியாகக் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் நாள்காட்டியில் அந்தப் பிள்ளையின் பெயரை அந்தத் தேதியில் எழுதி வையுங்கள். அன்றைக்குத் தேர்வு இருந்தால், ஊசி போட்டுவிட்டு வந்து எழுத அனுமதியுங்கள். மாணவர் ஊசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். மறுபடி எப்போதாவது கடித்தால் ஊசிகளின் எண்ணிக்கை குறையும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது.

தேநீர் இடைவேளையில் பலர் கேட்டவற்றுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'நாய் பத்து நாள் உயிரோடு இருந்தால் பயமில்லை' என்பது உண்மையா? பாதி உண்மை. நாய், பூனை இரண்டுக்கு மட்டும் அது பொருந்தும். ஆனால் பத்து நாள் காத்திருந்து பார்த்துவிட்டு ஊசி என்பது தவறு. ஊசியை இன்றே தொடங்கிவிட்டு நாயைக் கவனிக்க வேண்டும். வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும் நீங்களாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எலி, அணில் கடிக்குப் பொதுவாக ரேபிஸ் ஊசி தேவைப்படுவதில்லை. குரங்குக்கு வேண்டும். நோய் வந்தவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஒட்டாது. அவர் எச்சில் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டவர்கள் மட்டும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இறந்த பிள்ளையின் தம்பி தங்கையை வகுப்பில் ஒதுக்கி உட்காரவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். தெருநாய்களை அடித்து விரட்டுவது பற்றியும் கேட்டீர்கள். விரட்டப்பட்ட நாய்தான் கடிக்கிறது. நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதுதான் வழி. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய்களிடமிருந்துதான் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரே ஒரு விலங்கைப் பாதுகாத்தால் ஏறக்குறைய முழு நோயையும் நிறுத்திவிடலாம்.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒன்று. லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று முதன்முதலாக இந்தத் தடுப்பூசியைப் போட்டது ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு. நான்காம் வகுப்பு வயது. அவன் பிழைத்தான், வளர்ந்து பாஸ்டர் நிறுவனத்திலேயே காவலராக வேலை பார்த்தான். நம் குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டர் நிறுவனம் அந்த வழியில் வந்ததுதான். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் தேதியைத்தான் உலக ரேபிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதைச் சொன்னால், தொப்புள் ஊசிக் கதைக்குப் பதிலாக அந்தப் பையனின் கதை வீட்டுக்குப் போகும்.

இப்போது பின்வரிசையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. படிக்கிறேன். 'என் வகுப்பு மாணவி ஒருத்தியை மூன்று வாரத்துக்கு முன்பு தெருநாய் காலில் கடித்ததாகத் தோழிகள் பேசிக்கொண்டார்கள். வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டினார்களாம். புண் ஆறிவிட்டது. நாயைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. இப்போது ஊசி போட்டால் பலன் உண்டா, காலம் கடந்துவிட்டதா?'

டீச்சர், காலம் கடக்கவில்லை. அறிகுறி இல்லாத வரை எத்தனை நாள் ஆகியிருந்தாலும் இன்றைக்குத் தொடங்கலாம். மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று யாராவது திருப்பி அனுப்பினால் 104க்குப் பேசுங்கள். பல் ஆழமாகப் பட்டதா என்று அவளிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த இன்னொரு மருந்தும் தேவைப்படலாம். பயிற்சி முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, அதுவரை இங்கே உட்கார்ந்திருக்க வேண்டாம். வருகைக் கையொப்பத்தைப் பற்றி மேற்பார்வையாளரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவள் அம்மாவுக்கு இப்போதே போன் செய்துவிட்டு, நீங்களும் கிளம்புங்கள்.